டெலிட் அழுத்தினால் கணினி ஏன் உறைகிறது?

நான்கு ஜிபி திரைப்படம் ஒன்றை அழித்தால் கண் இமைப்பதற்குள் போய்விடுகிறது. அதே நான்கு ஜிபி இரண்டு லட்சம் குட்டி ஃபைல்களாக இருந்தால் கதையே வேறு. நண்பரின் போட்டோ ஸ்டூடியோவில் பழைய தம்ப்நெயில் (போட்டோக்களின் குட்டி மாதிரிப் படங்கள்) ஃபோல்டரை அழிக்கப் போனபோது இதைக் கூடவே உட்கார்ந்து பார்த்தேன். பச்சைக் கோடு ஊர்ந்தது, 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று ஜன்னல் வெளுத்தது, பக்கத்தில் திறந்திருந்த பிரவுசரும் நின்றுபோனது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் சிபியு பத்து சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. டிஸ்க் மட்டும் 100.

அழிக்கும்போது ஃபைலுக்குள் இருக்கும் தகவலை யாரும் துடைப்பதில்லை. கணக்குப் புத்தகத்தில் திருத்தம் போடுவதுதான் மொத்த வேலையும். விண்டோஸ் ஃபைல்களை டிஸ்க்கில் ஒழுங்குபடுத்தும் முறையான என்டிஎஃப்எஸ் அமைப்பில் எம்எஃப்டி என்று ஒரு பேரேடு உண்டு. ஒவ்வொரு ஃபைலுக்கும் அதில் வழக்கமாக 1,024 பைட் அளவில் ஒரு பதிவு. அந்தப் பதிவைக் காலி என்று குறிக்க வேண்டும், ஃபோல்டரின் பட்டியலிலிருந்து பெயரை எடுக்க வேண்டும், ஃபைல் பிடித்திருந்த இடத்தை விடுவிக்க வேண்டும். நடுவில் கரண்ட் போனாலும் கணக்கு குழம்பாதிருக்க, இதையெல்லாம் ஒரு லாகிலும் எழுதி வைக்க வேண்டும். திரைப்படத்துக்கு இது ஒரு முறை. தம்ப்நெயில்களுக்கு இரண்டு லட்சம் முறை. ஐந்து ஏக்கரை ஒரே பத்திரமாகப் பதிவதற்கும் பிளாட் பிளாட்டாகப் பதிவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

ஹார்ட் டிஸ்க் என்றால் இன்னும் கஷ்டம். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி எடுக்கிறது. தட்டைப் படிக்கும், எழுதும் தலை நகரும் நேரத்தையும் சேர்த்தால் நொடிக்குச் சுமார் 80 இடங்களுக்குத்தான் தாவ முடியும். ஃபைலுக்கு ஒரு தாவல் என்று வைத்தாலே இரண்டு லட்சத்துக்கு 40 நிமிடம். பல திருத்தங்களைச் சேர்த்து எழுதுவதால் உண்மையில் இது கூடலாம், குறையலாம். ஆனால் அதுவரை பிரவுசர் கேட்கும் சின்னத் துண்டுத் தகவலும் அதே வரிசையில் நிற்கிறது. உறைவது என்று நாம் சொல்வது இந்தக் காத்திருப்பைத்தான்.

சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் தலை கிடையாது. ஆனால் டிரிம் உண்டு: 'இந்த இடங்கள் இனி வேண்டாம்' என்று டிரைவுக்குச் சொல்லும் கட்டளை. சாட்டா (டிரைவைக் கணினியோடு இணைக்கும் முறை) வகைப் பழைய டிரைவுகளில் இது மற்ற கட்டளைகளோடு வரிசையில் கலக்காது. வரிசை முழுக்கக் காலியான பிறகுதான் நுழையும். 2011-இல் வந்த சாட்டா 3.1 தான் இதை மாற்றியது. உபுண்டு போன்ற லினக்ஸ்களில் டிரிமை வாரம் ஒருமுறை மொத்தமாக ஓடவிடுவதும் இந்த இடையூறைத் தவிர்க்கத்தான்.

சரி, மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் தலைப்பைக் கிளிக் செய்து மேலே நிற்பது யார் என்று பாருங்கள். மேலே ஆண்டிவைரஸ் இருந்தால், ஒவ்வொரு ஃபைலையும் அது தொட்டுப் பார்க்கிறது என்று அர்த்தம். ஃபோல்டருக்குள் போய் எல்லாவற்றையும் செலக்ட் செய்து அழித்தால், ரீசைக்கிள் பின் ஒவ்வொன்றுக்கும் பெயர் மாற்றி, கூடவே ஒரு குறிப்பு ஃபைலும் உருவாக்கும். ஃபோல்டரையே அழித்தால் அந்த வேலை ஒரு முறையோடு முடியும். இன்னும் வேகம் வேண்டுமென்றால் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்டில் 'ஆர்டி' கட்டளையை எஸ், க்யூ ஸ்விட்சுகளோடு கொடுக்கலாம். எதையும் கேட்காது, எதையும் திருப்பித் தராது. ஃபோல்டர் பெயரை இரண்டு முறை படித்த பிறகே என்டர்.

டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும்போது பவரை மட்டும் பிடுங்காதீர்கள்.

இருபது ஃபைலை அழித்தாலே உறைகிறதா? அப்போது எண்ணிக்கை காரணமில்லை. டிரைவ் தன் உடல்நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில், பழுதானதால் மாற்றப்பட்ட செக்டார் (தகவல் வைக்கும் சிறு துண்டு), சந்தேகத்தில் நிலுவையில் உள்ள செக்டார் எண்ணிக்கை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் அழிக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டு, வேண்டியதையெல்லாம் இன்றைக்கே வேறு டிரைவுக்கு நகலெடுங்கள்.