உடையும் பொருள் ஒழுகும்போது

மரக்கலங்களின் பலகை இடுக்குகளை அடைக்க ஒரு காலத்தில் பூசுவார்களே, அந்தக் கருப்புக் கீல். ஒரு கட்டியை எடுத்துச் சுத்தியலால் அடித்தால் கண்ணாடி போலச் சில்லு சில்லாக உடையும். அதையே புனலில் போட்டு வைத்தால் ஒழுகும். பார்ப்பவருக்குத்தான் பொறுமை வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தாமஸ் பார்னெல் என்ற பேராசிரியர் 1927-இல் கீலைச் சூடாக்கி, காம்பு அடைத்த கண்ணாடிப் புனலில் ஊற்றினார். மூன்று வருடம் படிய விட்டு, 1930-இல் காம்பை வெட்டினார். முதல் சொட்டு விழுந்தது 1938-இல்! பின்னாளில் கணக்குப் போட்டபோது அதன் பாகுத்தன்மை, அதாவது ஒழுக மறுக்கும் குணம், தண்ணீரைப் போல ஏறக்குறைய 23,000 கோடி மடங்கு என்று வந்தது.

சரி, இது திடமா, திரவமா? பாத்திரத்தின் வடிவத்தை எடுப்பது திரவம் என்று பள்ளியில் படித்தது இங்கே உதவாது. டப்பாவில் கொட்டிய ரவையும் அதைத்தான் செய்கிறது. இயற்பியலின் சோதனை வேறு. பொருளின் மேற்பரப்பைப் பக்கவாட்டில் தள்ளுங்கள். திடப்பொருள் கொஞ்சம் நெளிந்து, அதற்குமேல் எதிர்த்து நிற்கும். பாய்மம், அதாவது திரவமோ வாயுவோ, நிற்காது, எவ்வளவு மெல்லத் தள்ளினாலும், தள்ளுகிற வரை நகர்ந்துகொண்டே இருக்கும்.

இந்தச் சோதனையிலும் நழுவுகிற பொருள்கள் உண்டு. பற்பசைக் குழாயைத் திறந்து கவிழ்த்தால் பசை விழாது, அமுக்கினால் வரும், பிரஷ்ஷில் மறுபடி அசையாமல் நிற்கும். ஓர் அளவு விசை வரை திடம், அதைத் தாண்டினால் திரவம். கார்ன்ஃப்ளாரைக் கொஞ்சம் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்துப் பாருங்கள், இதற்கு நேர் எதிர். விரலை மெல்ல விட்டால் உள்ளே போகும். ஓங்கிக் குத்தினால் கல். மெல்ல அழுத்தும்போது துகள்கள் நீரில் வழுக்கி விலகுகின்றன. வேகமாகக் குத்தினால் விலக நேரமில்லை. பஸ் நின்றதும் எல்லாரும் ஒரேயடியாக இறங்கப் பார்த்தால் படிக்கட்டில் என்ன ஆகும்? அதேதான்.

ஆகவே எவ்வளவு நேரம் பார்க்கிறோம் என்பதும் கணக்கில் வர வேண்டும். பொருள் இளகி நகர எடுக்கும் நேரத்தை நாம் பார்க்கும் நேரத்தால் வகுத்தால் வரும் எண்ணுக்கு பொருள்கள் ஒழுகும் விதத்தை ஆராய்ந்த மார்க்கஸ் ரெய்னர் 1964-இல் தெபொராள் எண் என்று பெயர் வைத்தார். பைபிளில் தெபொராள் பாடும் பாட்டில் மலைகள் கர்த்தருக்கு முன்பாகக் கரைகின்றன. கடவுள் பார்க்கும் நேரத்துக்கு ஏது எல்லை! (பழைய தேவாலய ஜன்னல் கண்ணாடி வழிந்து அடியில் தடித்துவிட்டது என்பது மட்டும் கட்டுக்கதை. அந்தக் காலத்தில் கண்ணாடியைச் செய்யும்போதே சமமாக வராது.)

பார்னெல்லுக்குப் பின் அந்தப் புனலைப் பல ஆண்டுகள் காத்தவர் ஜான் மெயின்ஸ்டோன். 1988-இல் குடிக்க ஏதாவது வாங்கி வரச் சில நிமிடம் நகர்ந்தார்; சொட்டு விழுந்துவிட்டது. 2000-இல் கேமரா வைத்திருந்தார்கள்; அந்த நேரம் பார்த்து அது பழுது. ஒரு சொட்டு விழுவதைக்கூடப் பார்க்காமலே 2013-இல் இறந்துபோனார். ஒன்பதாவது சொட்டு 2014 ஏப்ரலில் கீழே கிடந்த எட்டாவதின் மேல் வந்து உட்கார்ந்தது. இடம் வேண்டுமே என்று அடியிலிருந்த கண்ணாடிக் குவளையை மாற்றப் போனார்கள். அடிப்பலகை லேசாக ஆட, சொட்டு அறுந்துகொண்டது.