பட்டன் தேயாமலே சாகும் டயர்

வண்டியை வாங்கும்போது டயரைப் பற்றி நாங்கள் கவலையே படவில்லை. பட்டன், அதாவது தரையைத் தொடும் ரப்பர் கட்டைகள், அப்படியே புதுசாக இருந்தது, கட்டைகளுக்கு நடுவே பள்ளம் ஏழு மில்லிமீட்டருக்குக் குறையாது. பழைய பயணிகள் வேன் ஒன்றில் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக் கேம்பர் வேனாக மாற்றிய ஒருவர், நாலைந்து பயணத்திலேயே சலித்துப்போய் விற்றார். நானும் மச்சானும் பங்கு போட்டு வாங்கினோம். முதல் பயணம் ஏற்காடு. சேலத்துக்காரர்கள் வேறெங்கே போவோம்?

பாதி மலை ஏறியதும் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியின் பின்பக்கம் ஒரு மாதிரி நெளிந்தது. மேலே ஏரிக்கரையில் நிறுத்திப் பார்த்தால், இடது பின் டயரின் பக்கச்சுவரில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு மெதுவாக இறங்கி, ஐந்து ரோடு பக்கம் ஒரு டயர்க் கடையில் போய் நின்றோம்.

கடைக்காரர் பட்டனைப் பார்க்கவே இல்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஈரத்துணியால் டயரின் பக்கத்தைத் துடைத்து, செல்போன் வெளிச்சத்தை அடித்தார்.

"தம்பி, இதுக்கு எட்டு வயசு முடிஞ்சுதுங்க. அதுகூடப் பரவால்ல. இது வேன் டயரே இல்லைங்க."

இரண்டுமே அந்த ரப்பரில் எழுதியிருந்தன. எங்களுக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

முதலில் 225/70 ஆர்15. டயரின் அகலம் 225 மி.மீ. பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 சதவீதம், அதாவது 157 மி.மீ. சொச்சம். ஆர் என்றால் ரேடியல், டயருக்குள் வலுவுக்காக வைக்கும் இழைகளை அடுக்கும் ஒரு முறை. 15 என்பது டிஸ்க்கின், அதாவது டயரை மாட்டும் உலோகச் சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில். அதுவரை வண்டிக்குச் சரியான அளவுதான். டயரை மாற்றிய பழைய சொந்தக்காரரும் அதோடு படிப்பதை நிறுத்தியிருக்க வேண்டும். அடுத்து 100டி என்று இருந்தது. வினை அங்கேதான்.

100 என்பது பாரக் குறியீடு. அது கிலோ கணக்கு அல்ல, ஒரு அட்டவணையின் வரிசை எண். 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 104 என்றால் 900, 112 என்றால் 1120. எண் பத்து கூடினால் தாங்கும் எடை கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். பின்னால் வரும் எழுத்து வேகத்துக்கு, டி என்றால் மணிக்கு 190 கி.மீ. அந்த வேகத்தை வைத்துக்கொண்டு கேம்பர் வேன் என்ன செய்யப்போகிறது?

வேனுக்கு உரிய டயரிலும் அதே 225/70 ஆர்15 இருக்கும், ஆனால் கடைசியில் சி என்று ஒரு எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். சரக்கு வண்டிக்கான டயர் என்று பொருள். அதன் பாரக் குறியீடு 112/110 என்று இரண்டாக இருக்கும். முதல் எண் ஒற்றைச் சக்கரத்துக்கு. இரண்டாவது, பின்னால் பக்கத்துக்கு இரண்டு சக்கரம் உள்ள வண்டிகளுக்கு. ஜோடியாக ஓடும் டயர்கள் பாரத்தைச் சரிபாதியாகப் பங்கு போட்டுக்கொள்வதில்லை என்பதால் அதில் கொஞ்சம் குறைத்துப் போடுகிறார்கள். ஒரே அளவு, ஒரே டிஸ்க், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் ஒன்று 800 கிலோ ஆள், இன்னொன்று 1120 கிலோ ஆள்.

சரி, எங்கள் வண்டிக்கு எவ்வளவு தேவை? சீலநாயக்கன்பட்டி பைபாஸ் பக்கம் ஓர் எடைமேடைக்கு ஓட்டிப்போனோம். தொட்டியில் தண்ணீர் நிரப்பி, சிலிண்டர், பாய், பாத்திரம், நாலு ஆட்கள் என்று பயணத்துக்குப் போகிற கோலத்திலேயே. முழு வண்டி, பின் சக்கரங்கள் மட்டும், பின் இடது சக்கரம் மட்டும் என்று மூன்று முறை ஏற்றி இறக்கச் சொன்னதும் எடைமேடைக்காரர் எங்களை ஒரு தினுசாகப் பார்த்தார். கரும்பு லோடும் இரும்பு லோடும் வருகிற இடத்தில் அடுப்பும் மெத்தையும் எடை போட வந்தால் பார்க்கத்தானே செய்வார்!

மொத்தம் 3320 கிலோ. பின் அச்சில் 1940. அதில் இடது சக்கரத்தில் மட்டும் 1010, ஏனென்றால் 90 லிட்டர் தண்ணீர்த் தொட்டியும் இரண்டு பேட்டரியும் இடது பக்கம் இருக்கின்றன. தண்ணீருக்கு லிட்டருக்கு ஒரு கிலோ என்பதை மறந்தே போய்விடுகிறோம். 800 கிலோ ஆளின் தோளில் 1010 கிலோ. கேம்பர் வேன் மற்ற வண்டிகளிலிருந்து வேறுபடுவது இங்கேதான். லாரி லோடு ஏற்றும், இறக்கும். பயணிகள் வேனில் ஆள் ஏறும், இறங்கும். கேம்பர் வேன் வீட்டையே முதுகில் வைத்துக்கொண்டு வருஷம் முழுக்க, நிற்கும்போதுகூட, சுமக்கிறது.

சுமப்பது ரப்பர் என்று நினைத்தால் தப்பு. பாரத்தில் பெரும்பங்கைச் சுமப்பது காற்றுதான், டயர் அந்தக் காற்றைக் கட்டிவைக்கும் பை. காற்றழுத்தத்தை பிஎஸ்ஐ என்ற அலகில் அளக்கிறோம், 65 பிஎஸ்ஐ என்றால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் சுமார் நாலரை கிலோ எடையைத் தாங்கும். அப்படியானால் 1010 கிலோவைத் தாங்க 220 சதுர செ.மீ. வேண்டும், ஒரு சின்ன டிபன் தட்டு அகலம்தான். டயர் அந்தப் பரப்பு தரையைத் தொடும்வரை அமுங்கி, அதோடு நின்றுகொள்ளும். ஆனால் 800 கிலோ ஆள் 36 பிஎஸ்ஐ அளவுக்கு வடிவமைக்கப்பட்டவர். அந்தக் காற்றில் அதே பாரத்துக்கு 400 சதுர செ.மீ. தேவை. அகலம் கூடாது, ஆகவே நீளவாக்கில் படுத்துவிடும். டயர் அமுங்கியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிவது இந்தக் கணக்குதான். அப்போ 65 அடித்துவிட்டால் என்ன என்று மச்சான் கேட்டார். கார் டயரின் பக்கச்சுவரில் உள்ள இழைகள் அதற்கானவை அல்ல.

படுத்த டயர் உருளும்போது என்ன நடக்கிறது? இந்த அளவு டயர் ஒரு கிலோமீட்டருக்கு 470 சுற்று சுற்றும். 80 கி.மீ. வேகத்தில் பக்கச்சுவரின் ஒவ்வொரு இடமும் நொடிக்குப் பத்துமுறை மடங்கி நிமிரும். ஒரு ரப்பர் பந்தைக் கீழே போட்டால் விட்ட உயரத்துக்கு அது திரும்பி வருவதில்லை. அந்தக் குறைந்த உயரம் ரப்பருக்குள் சூடாக மாறிவிட்டது. டயரிலும் அதேதான், ஒவ்வொரு மடிப்பிலும் துளித்துளியாகச் சூடு தங்குகிறது. அதிகம் அமுங்கினால் அதிக மடிப்பு, அதிகச் சூடு. ரப்பர் வெப்பத்தை லேசில் கடத்தாது என்பதால் அது உள்ளேயே நிற்கும். மே மாதத்து ஓமலூர் ரோடும் தன் பங்குக்குச் சுடும். கடைசியில் ரப்பரும் இழைகளும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும், இழை அறும். இழை அறுந்த இடத்தில் காற்று ரப்பரை வெளியே தள்ளுகிறது. நாங்கள் பார்த்த எலுமிச்சம்பழம் அதுதான். புடைத்த டயருக்கு வைத்தியம் கிடையாது, ஒட்டுப் போடுகிறேன் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஏற்காட்டு மலைப்பாதை இதற்குமேல் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவு. பத்து மீட்டர் ஆரமுள்ள வளைவில் 15 கி.மீ. வேகத்தில் திரும்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மெதுவான வேகம்தான். ஆனாலும் எங்கள் வேன் மாதிரி உயரமான வண்டியில் பின் அச்சின் பாரத்தில் எட்டில் ஒரு பங்கு உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்குத் தாவும். வலதுபக்கம் திரும்பினால் இடது டயர் அந்தச் சில நொடிகள் 1250 கிலோ வரை சுமக்கும். ஏற்றத்தில் முன்பக்கப் பாரமும் கொஞ்சம் பின்னால் சாயும். நல்ல டயர் இந்த மாதிரிச் சில நொடி அதிர்ச்சிகளைத் தாங்கும். ஏற்கெனவே 200 கிலோ கூடுதலாகச் சுமந்துகொண்டிருப்பது எப்படித் தாங்கும்?

இனி வயசு. பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். எங்களுடையதில் 2316, அதாவது 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். இது டயரின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். அந்தப் பக்கம் வண்டிக்கு உள்ளே திரும்பியிருந்தால் குனிந்துதான் பார்க்க வேண்டும், யாரும் குனிவதில்லை.

ரப்பருக்கு வலு கொடுப்பது கந்தகம். பசைபோல் இருக்கும் நீள நீள மூலக்கூறுகளைக் கந்தகப் பாலங்களால் கோத்துவைப்பதை 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தார். ஆனால் தொழிற்சாலையை விட்டு வந்ததும் வேதியியல் நின்றுவிடுவதில்லை. அடுப்பை அணைத்த பிறகும் தம்மில் வேகும் பிரியாணிபோல, ஆக்சிஜன் உள்ளே நுழைந்து புதுப்புதுப் பிணைப்புகளைப் போட்டுக்கொண்டே இருக்கும். ரப்பர் இறுகும், விறைக்கும். வெப்பம் பத்து டிகிரி கூடினால் இந்த வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு, ஆகவே சேலத்து வெயிலில் நிற்கும் டயருக்கு வயசு சீக்கிரம் ஏறும்.

வெளியிலிருந்து ஓசோன் தாக்குகிறது. இழுபட்ட நிலையிலுள்ள ரப்பரின் இரட்டைப் பிணைப்புகளை அது வெட்டும். அதைத் தடுக்க ரப்பரில் ஒருவகை மெழுகையும் வேதிப்பொருள்களையும் கலக்கிறார்கள். அவை மெல்ல மேலே கசிந்து ஒரு படலமாக நிற்கும். டயரில் தெரியும் பழுப்பு நிறம் பல நேரம் அழுக்கல்ல, இந்தக் காவல்தான். வண்டி ஓடி, டயர் மடங்கி நிமிரும்போது மெழுகு புதுசு புதுசாக மேலே வரும். மாதக்கணக்கில் வேப்பமரத்தடியில் நிற்கும் கேம்பர் வேனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. படலம் வறண்டு, பக்கச்சுவரில் வெடித்த குதிகால்போல மெல்லிய கோடுகள் விழும். டாக்ஸி டயர் தேய்ந்து சாகும், கேம்பர் டயர் நின்றே சாகும். பல டயர் நிறுவனங்கள் பத்து ஆண்டுகளை மேல்வரம்பாகச் சொல்கின்றன, ஐந்துக்குப் பிறகு வருஷம் ஒருமுறை பார்க்கச் சொல்கின்றன. ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான். எங்கள் ஸ்டெப்னியும் அதே 2316.

கடைக்குத் திரும்புவோம். நாங்கள் எடுத்தது அதே அளவில் சி போட்ட, 112/110 குறியீடுள்ள நாலு டயர், ஸ்டெப்னிக்கு ஒன்று. 8 பிஆர் (பிளை ரேட்டிங், அதாவது அடுக்குக் கணக்கு) என்று அதில் எழுதியிருந்தது. உள்ளே எட்டு அடுக்கு இருப்பதாக நினைக்க வேண்டாம், பருத்தி இழை போட்ட காலத்துக் கணக்கு அது, இப்போது வலுவைக் குறிக்கும் அடையாளம் மட்டும். ஐரோப்பாவில் கேம்பர் வேன்களுக்கென்றே சிபி என்ற டயர்வகை உண்டு, எப்போதும் முழுப்பாரத்தில் நிற்கும் வண்டிக்காக இன்னும் விறைப்பாகச் செய்தது. நான் விசாரித்த கடைகளில் அது இல்லை. மச்சானுக்குக் காட்டுப்பாதை டயர்மேல் ஒரு கண். பெரிய பெரிய பட்டன், பார்க்க மிரட்டலாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கட்டைகள் தாரில் நெளிந்து நெளிந்து சூட்டைத்தான் கூட்டும். காபித் தோட்டத்துச் செம்மண்ணில் வருஷத்துக்கு இருமுறை இறங்குவதற்காக மீதி நாளெல்லாம் இரைச்சல் கேட்க வேண்டுமா? விட்டுவிட்டோம். வால்வையும் கடைக்காரரே பார்த்தார். சாதாரண ரப்பர் வால்வுக்கு 65 பிஎஸ்ஐ-தான் எல்லை, அதனால் உலோக வால்வு போட்டார். டிஸ்க் எவ்வளவு எடை தாங்கும் என்று அதில் பொறித்திருந்ததையும் படித்துச் சொன்னார்.

தேதியைப் பார்த்து, எடுத்துவைத்ததில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தேன், மூன்று வருஷம் பழசு. கடைக்காரர் சிரித்துக்கொண்டே வேறு எடுத்துவந்தார்.

மறுவாரம் மறுபடியும் ஏற்காடு. காலையில் வீட்டு வாசலில், 27 டிகிரியில், பின் டயரில் சரியாக 65 பிஎஸ்ஐ. அடுத்த நாள் அதிகாலை மேலே 16 டிகிரி, மீட்டர் 64 காட்டியது. காற்று இறங்குகிறது என்று மச்சான் கலவரமானார். குளிரில் காற்று சுருங்கி மூன்று பிஎஸ்ஐ குறையும். ஆனால் ஏற்காடு 1515 மீட்டர் உயரத்தில், சேலத்தைவிட 1200 மீட்டருக்கு மேல். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் இரண்டு பிஎஸ்ஐ குறைவு, மீட்டர் காட்டுவதோ உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தை. மூன்று போய் இரண்டு வந்தால் ஒன்றுதான் நட்டம்.

இறக்கம் வேறு கதை. 3320 கிலோவை அவ்வளவு உயரத்திலிருந்து இறக்கும்போது வெளிப்படும் ஆற்றல் 130 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். இரண்டாம் கியரில் இறங்கினால் இன்ஜின் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதி பிரேக்குக்கு, அங்கிருந்து டிஸ்க்குக்கு, அங்கிருந்து டயருக்குள் இருக்கும் காற்றுக்கு. அடிவாரத்தில் டீக்கு நிறுத்தி அளந்தால் 74. உள்ளே காற்று 60 டிகிரிக்குச் சூடேறியிருக்கிறது என்று அர்த்தம். மச்சான் அதற்குள் குச்சியை எடுத்து வால்வை அமுக்கப் போய்விட்டார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். மறுநாள் காலை வாசலில் அளந்தபோது 65.