மீட்டெடுக்கப்பட்டது: யாரிடமிருந்து?

ஆய்வேட்டின் துணைநூற்பட்டியலைப் புரட்டினால் இணையப் பக்கம் ஒவ்வொன்றின் வாலிலும் இது தொங்குகிறது: '12 மார்ச் 2021 அன்று மீட்டெடுக்கப்பட்டது'. பக்கம் தொலையவில்லை, யாரும் தூக்கிக்கொண்டு போகவும் இல்லை. ஆய்வாளர் உலாவியைத் திறந்தார், படித்தார், மூடினார். இதில் மீட்பு எங்கே வந்தது?

'ரெட்ரீவ்டு' என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. அதன் வேர் பழைய பிரெஞ்சு; 'மறுபடி கண்டுபிடி' என்று பொருள். வேட்டையில் தவறிய இரையை நாய் தேடிப் பிடிப்பதற்கு வழங்கிய சொல், பிற்பாடு தரவுத்தளத்திலிருந்து வேண்டியதை எடுப்பதற்கும் ஆகி, அங்கிருந்து ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கம்) நடைக் கையேட்டுக்குள் நுழைந்தது. அந்த இடத்தில் அது சொல்வதெல்லாம் 'இந்த நாளில் இந்தப் பக்கம் எனக்கு இப்படித் தெரிந்தது' என்பதே.

தமிழ் மீட்புக்கு ஒரு முன்கதை வேண்டும். கைவிட்டுப் போனதைத்தான் மீட்க முடியும். அடகில் கிடக்கும் நகையை மீட்கிறோம். பகைவரின் ஆநிரையைக் கவர்வது வெட்சி, கவர்ந்த ஆநிரையை மீட்பது கரந்தை. வெட்சி நடக்காத ஊரில் கரந்தைக்கு வேலையில்லை. துணைநூற்பட்டியலிலோ வெட்சியே இல்லாமல் நாற்பது கரந்தை.

மாற்றாகச் சிலர் 'அணுகப்பட்ட நாள்' என்கிறார்கள். 'ஆக்செஸ்டு' என்பதை அகராதியில் தேடி முதலில் கிடைத்ததை ஒட்டவைத்தது இது. அணுகுவது என்றால் கிட்டே போவது. வாசல்வரை போனவர் உள்ளே பார்த்தாரா என்பது அதில் இல்லை. 'பெறப்பட்டது' கொஞ்சம் தேவலை. ஆனால் கோப்பைத் தரவிறக்கியவருக்குத்தான் பொருந்தும். தமிழ் விக்கிப்பீடியாவின் அடிக்குறிப்புகளில் வரும் 'பார்க்கப்பட்ட நாள்' சரியான திசையில் போகிறது. அந்தப் 'படு' மட்டும் எதற்கு? பார்த்தவர் கட்டுரையாளர், அவர் பெயர் முகப்பிலேயே இருக்கிறது. 'பார்த்த நாள்' போதும். இது பேச்சுவழக்கு, ஆய்வுநடைக்கு எடை போதாது என்பார்கள். நான்கு அசை கூடினால் எடை கூடும் என்ற இந்த நம்பிக்கைதான் 'செய்தார்' என்பதை 'மேற்கொண்டார்' ஆக்கியது, 'சொன்னார்' என்பதைக் 'கருத்து வெளியிட்டார்' ஆக்கியது.

பொருட்குற்றம் போக, இந்தத் தொடர் இணைப்பையும் உடைக்கிறது. ஆங்கிலத்தில் 'இன்ன இடத்திலிருந்து' என்னும் சொல் முகவரிக்கு முன்னால் நிற்கும். தமிழில் வேற்றுமை உருபு பின்னால்தான் ஒட்டும். மொழிபெயர்ப்பவர் முகவரியின் கடைசி எழுத்தோடு 'இலிருந்து' என்பதைச் சேர்த்து எழுதிவிடுகிறார். சொல்செயலி உருபையும் முகவரியாகவே எடுத்துக்கொள்கிறது, சொடுக்கினால் 'பக்கம் இல்லை' என்னும் 404 பிழை. முகவரிக்குப் பின் வைக்கும் முற்றுப்புள்ளியும் சில இடங்களில் இதே வேலையைச் செய்யும். ஆகவே தமிழில் முகவரி கடைசியில், தனியாக, உருபும் புள்ளியும் இல்லாமல் நிற்கட்டும்:

ஆசிரியர் பெயர். (2019, மே 4). பக்கத்தின் தலைப்பு. தளத்தின் பெயர். பார்த்த நாள்: 12 மார்ச் 2021. முகவரி

மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 03/04/2021 என்றால் சிலருக்கு ஏப்ரல், சிலருக்கு மார்ச். தமிழ் எழுத்துள்ள முகவரியை நகலெடுத்தால் இன்னொரு தொல்லை: 'தமிழ்' என்ற மூன்றெழுத்து, ஒட்டும்போது நாற்பத்தைந்து குறிகளாக விரியும். ஒருங்குறியில் அது ஐந்து குறியீடு, ஒவ்வொன்றுக்கும் விழுக்காட்டுக் குறியோடு ஒன்பது இடம். தளம் குறுமுகவரி தந்தால் அதை இடுங்கள். இல்லாவிட்டால் தமிழ் எழுத்தாகவே திருத்தி, சொடுக்கிப் பார்த்துவிட்டு இடுங்கள்.

எல்லாப் பக்கத்துக்கும் பார்த்த நாள் வேண்டியதில்லை. ஏ.பி.ஏ. ஏழாம் பதிப்பு, மாறிக்கொண்டே இருக்கும், நிலையான படி இல்லாத பக்கங்களுக்கு மட்டும் கேட்கிறது: புதுப்பிக்கப்படும் புள்ளிவிவரப் பக்கம், நாளொரு மாற்றம் காணும் சமூக ஊடக முகப்பு. டி.ஓ.ஐ. எண் (கட்டுரைக்கு நிலையாகத் தரப்படும் அடையாள எண்) உள்ள இதழ்க் கட்டுரைக்கு அந்த எண் போதும். விக்கிப்பீடியா என்றால் பக்க வரலாற்றுக்குள் போய், படித்த பதிப்பின் நிலையான இணைப்பை எடுத்துக் கொடுத்தால் நாளே தேவைப்படாது. தேவைப்படும் இடங்களில் நாளைப் படிக்கும்போதே குறிக்க வேண்டும். சொடேரோ போன்ற, மேற்கோள்களைத் தொகுக்கும் மென்பொருள் தானே பதிந்துவைக்கும். கையால் செய்கிறவர்கள் ஏட்டை ஒப்படைப்பதற்கு முந்தின இரவு உட்கார்ந்து நாற்பது உள்ளீட்டுக்கும் ஒரே நாளைப் போடுகிறார்கள். இடையில் பக்கம் மாறியிருந்தால், தாம் எடுத்தாண்ட வரி அந்த நாளில் அங்கே இல்லை என்பதற்குத் தாமே சாட்சி எழுதிக்கொடுத்ததாக ஆகிவிடும்.

உண்மையிலேயே மீட்கவேண்டி வரும் இடம் ஒன்று உண்டு. பக்கம் அழிந்துபோய், இணையக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் தேடி அதன் பழைய படியை எடுக்கிறீர்கள். இதற்குத் தாராளமாக 'மீட்டது' என்று எழுதலாம். ஆனால் உயிரோடிருக்கும் பக்கங்களுக்கெல்லாம் அதே சொல்லைச் செலவழித்துவிட்டவர், செத்த பக்கத்தை எப்படிப் பிரித்துக் காட்டுவார்? இங்கே பார்த்த நாளோடு காப்பகம் படியெடுத்த நாளும் வேண்டும். காப்பக முகவரியின் நடுவிலுள்ள பதினான்கு இலக்கத்தில் அது இருக்கிறது: 20210312064510 என்றால் 2021 மார்ச் 12, காலை 6 மணி 45 நிமிடம் 10 நொடி. அது உலகப் பொது நேரம். உங்கள் நாட்காட்டியில் ஒரு நாள் முன்பின்னாக இருக்கலாம். இலக்கத்தில் உள்ளதையே எழுதுங்கள்.