பேஸ்மன்டிலும் ஒரு சி.ஓ. அலாரம் வேண்டும்

ஒன்ராறியோவில் 2026 ஜனவரி 1 முதல் காபன் மொனொக்சைட் (சி.ஓ.) என்ற நச்சு வாயுவுக்கான அலாரம் பற்றிய விதி இறுகியிருக்கிறது. முன்பு படுக்கும் இடங்களுக்கு அருகில் இருந்தால் போதும். இப்போது யாரும் படுக்காத தளங்களிலும் ஒவ்வொன்று வேண்டும், பேஸ்மன்ட் உட்பட. காஸில் ஓடும் ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் அடுப்பு), சுடுதண்ணீர்த் தாங்கி, ஃபயர்பிளேஸ், வீட்டோடு ஒட்டிய கராஜ் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே இந்த விதி உங்களுக்கும்தான். ஸ்காபரோவில் இவை ஒன்றுமே இல்லாத தனி வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

வீடு வாங்குபவர்களுக்காக வீட்டைப் பரிசோதித்துக் கொடுப்பது என் தொழில். "சி.ஓ. அலாரம் எங்கே?" என்று கேட்டால், பலர் கூரையில் இருக்கும் புகை அலாரத்தைக் காட்டுகிறார்கள். அது புகையை மட்டும் பிடிப்பதாக இருந்தால் காபன் மொனொக்சைட்டுக்கு வாயே திறக்காது. இரண்டும் சேர்ந்தது என்றால் முகப்பிலோ பின்பக்கத்திலோ எழுதியிருக்கும். கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மேல்மாடியில் புதிதாக ஒன்று மாட்டியிருக்கும். கீழே, ஃபர்னஸ் அறைக்குப் பக்கத்துச் சுவரில் தலை வைத்துப் படுக்கும் வாடகைப் பொடியனுக்கு ஒன்றும் இருக்காது. இது பழைய விதிப்படியே தவறு. பேஸ்மன்டில் ஒருவர் படுத்தால் அதுவும் படுக்கும் இடம்தானே.

இந்தச் சட்டம் சும்மா வரவில்லை. 2008 டிசம்பரில் வூட்ஸ்டொக் நகரில் ஹாக்கின்ஸ் குடும்பத்தில் தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள் என நால்வரும் இறந்துபோனார்கள். காஸ் ஃபயர்பிளேஸின் புகைபோக்கி அடைபட்டு, வெளியே போக வேண்டியது வீட்டுக்குள் திரும்பியது. வீட்டில் சி.ஓ. அலாரம் இல்லை. அவர்கள் பெயரில் 2013இல் ஹாக்கின்ஸ் கின்யாக் சட்டம் நிறைவேறியது. 2014 ஒக்டோபரில் அலாரம் கட்டாயமானது.

"காஸ் கசிந்தால் மணக்கும்தானே" என்பார்கள். மணப்பது எரியாத காஸ், அதுவும் மணம் சேர்த்து அனுப்புவதால். சரியாக எரியாமல் உண்டாகும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. இன்னொன்று, ஊரில் சிலிண்டர் காஸ் நிலத்தோடு தங்கும் என்று பழகியதால் சி.ஓ. அலாரத்தையும் கீழே உள்ள பிளக்கில்தான் மாட்ட வேண்டும் என்று நினைக்கிறார்கள். காபன் மொனொக்சைட் காற்றைவிட ஒரு துளி இலேசானது, காற்றோடு கலந்து வீடெல்லாம் பரவும். பெட்டியோடு வரும் தாளில் சொன்ன உயரத்தில் வைத்தால் சரி, சோபாவுக்குப் பின்னால் மறைக்காதீர்கள்.

இந்த அலாரம் வாயு வந்த உடனே அடிக்காது. கனடாத் தரத்தின்படி, காற்றில் பத்து இலட்சத்துக்கு 70 பங்கு இருந்தால் ஒரு மணித்தியாலத்திலிருந்து நான்கு மணித்தியாலத்துக்குள் அடிக்கும். 400 பங்கு என்றால் 4 முதல் 15 நிமிடத்துக்குள். ஆகவே வீட்டில் எல்லோருக்கும் ஒன்றாகத் தலையிடி, குமட்டல் வருகிறது, ஆனால் காய்ச்சல் இல்லை, வெளியே போனால் சுகமாகிறது என்றால் அலாரம் அடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். நான்கு முறை அடித்து, நிறுத்தி, மீண்டும் நான்கு முறை அடித்தால் அது சி.ஓ.; புகைக்கு மூன்று. ஜன்னலைத் திறந்துவிட்டு உள்ளே நிற்காமல் எல்லோரும் வெளியே வந்து 911ஐ அழையுங்கள்.

சோதனைப் பொத்தானை அழுத்தினால் சத்தம் வருகிறது, அதனால் நல்லாயிருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறோம். பழைய அலாரமும் சத்தம் போடும். உள்ளே இருக்கும் சென்சருக்கு ஆயுள் முடிந்திருக்கும். பின்பக்கத்தைத் திருப்பித் தேதியைப் பாருங்கள். சி.ஓ. அலாரம் பெரும்பாலும் 7 முதல் 10 வருடம், புகை அலாரம் 10 வருடம். வெள்ளையாக வாங்கியது மஞ்சளாகிவிட்டால் தேதி பார்க்காமலே மாற்றலாம் என்பது என் கணக்கு. வயரில் ஓடிய அலாரத்தைக் கழற்றிவிட்டு வெறும் பற்றரி அலாரம் மாட்டுவதை ஒன்ராறியோ விதி ஏற்காது.

அப்புறம், நம்மவர் சமையல். செத்தல் மிளகாய் தாளித்தால் புகை அலாரம் கத்துகிறது என்று ஷவர் தொப்பியால் மூடிவிடுகிறார்கள். மூடியது மூடியபடியே வருடக்கணக்கில் கிடக்கும். அடுப்பிலிருந்து மூன்று மீற்றராவது தள்ளி, ஃபோட்டோஎலெக்ட்ரிக் (ஒளியை வைத்துப் புகையைக் கண்டறியும்) வகையாக, சத்தத்தைச் சற்று நேரம் அடக்கும் பொத்தான் உள்ளதாக வாங்கினால் இந்தத் தொல்லை பெருமளவு போய்விடும்.

கடும் பனி கொட்டிய காலைகளில், வாசலை வழிக்கும்போது வீட்டின் பக்கச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் ஃபர்னஸ் குழாயையும் பாருங்கள். அதன் வாயைப் பனி மூடினால் கழிவுக் காற்று வெளியே போக வழியில்லை. காரைச் சூடாக்க கராஜுக்குள் ஸ்டார்ட் பண்ணி விடுவதும் வேண்டாம், கதவு திறந்திருந்தாலும்.

வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கு: அலாரத்தைப் பொருத்துவதும், வருடத்துக்கு ஒரு தடவையும் ஆள் மாறும்போதும் சோதிப்பதும் உங்கள் பொறுப்பு. வாடகைக்கு இருப்பவர் பற்றரியைக் கழற்றினால் அது அவர் செய்யும் குற்றம். வழக்காகப் போனால் முதல் குற்றத்துக்கே தனியாளுக்கு 50,000 டொலர் வரை தண்டம் விதிக்கலாம். ஒரு சி.ஓ. அலாரத்தை நூறு டொலருக்குள் தாராளமாக வாங்கலாம்.