பழைய ரோட்ஸ்டர் கைக்குச் சொல்லும் சேதி

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தார். "அண்ணா, எம்ஜி மறுபடியும் தென்னாப்பிரிக்காவுக்கு வந்தாச்சு, சைபர்ஸ்டர் என்று கூரை திறக்கிற மின்சாரக் காரைக் காட்டுகிறார்கள். தாத்தா காலத்து எம்ஜிபி மாதிரி இது இருக்குமா? பழைய ரோட்ஸ்டரைத் திரும்பச் செய்தால் பழைய சுகம் வருமா, இல்லை பேர் மட்டும்தானா?"

ரோட்ஸ்டர் என்றால் கூரை திறக்கிற இரண்டு இருக்கைக் கார், எம்ஜிபி அந்தக் காலத்தில் எம்ஜி கம்பெனி செய்த ரோட்ஸ்டர். வேகத்தைக் கேட்டிருந்தால் ஒரு வரியில் முடித்திருப்பேன். எம்ஜிபி 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொடப் பன்னிரண்டு வினாடிக்கு மேல் எடுக்கும், இரண்டு மோட்டார் வைத்த சைபர்ஸ்டர் மூன்று வினாடிச் சொச்சத்தில் தொட்டுவிடும். அதிலும் பழைய காரை டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு ஓட்டிப் போனால், அங்கே 1,700 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவு, எஞ்சின் மூச்சு வாங்கும். மின்சார மோட்டாருக்கு மூச்சே கிடையாது. சரி, அது முடிந்தது. ஆனால் தம்பி கேட்டது சுகத்தைப் பற்றி. அதற்கும் இயற்பியல் இருக்கிறது, அதுவும் நான் ரொம்ப நாளாக எழுத ஆசைப்பட்ட இயற்பியல்.

எம்ஜிபியை விட்டுவிட்டு அதே காலத்து இன்னொரு பிரிட்டிஷ் ரோட்ஸ்டரான லோட்டஸ் எலானைப் பற்றிப் பேசுகிறேன், காரணம் அது நம் குவாசுலு-நடால் மாகாணத்துச் சொத்து மாதிரி. 1962-இல் வந்த எலானை வடிவமைத்த ரான் ஹிக்மன் இங்கே கிரேடவுனில் பிறந்தவர். (தச்சர்கள் மடக்கி எடுத்துப் போகிறார்களே, வொர்க்மேட் பலகை, அதையும் கண்டுபிடித்தது இவர்தான். நல்ல நாற்காலி ஒன்றின் மேல் மரத்தை வைத்து அறுக்கப்போய் நாற்காலியையும் சேர்த்து அறுத்துவிட்டதில் பிறந்த யோசனை.) எலானுக்கு ஃபைபர் கிளாஸ் உடம்பு, உள்ளே முதுகெலும்பு போல நடுவில் ஓடும் ஒரே ஒரு மடித்த தகரச் சட்டம், மொத்த எடை 700 கிலோவுக்கு உள்ளே. ஸ்டியரிங் பெட்டி டிரையம்ஃப் ஹெரால்டு என்ற சாதாரண குடும்பக் காரிலிருந்து எடுத்தது. அப்படியிருந்தும் இன்று வரை ஸ்டியரிங் என்று பேச்செடுத்தால் அறிந்தவர்கள் எலானைத்தான் உரைகல்லாக வைக்கிறார்கள்.

அந்த ஸ்டியரிங்கில் அப்படி என்ன இருக்கிறது?

கார் தரையைத் தொடுவது நான்கே இடத்தில், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு உள்ளங்கை அளவு. புதுக் கார் வாங்கினால் கோயில் வாசலில் நான்கு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம், அம்மா மனம் நிறைகிறது, நானும் வாயைத் திறப்பதில்லை. ஆனால் அதே டயர் மொட்டையாகிற வரைக்கும் காற்று கூடப் பார்க்காமல் ஓட்டுகிறவர்களைப் பார்த்தால்தான் எரிச்சல் வருகிறது, உயிர் அந்த உள்ளங்கையில் இருக்கிறது ஐயா, எலுமிச்சையில் இல்லை.

அந்த உள்ளங்கை அளவு ரப்பரை ஒரு பல் துலக்கும் பிரஷ் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் முழுக்கச் சின்னச் சின்ன மயிர்கள். வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்புகிறீர்கள், சக்கரம் பார்க்கிற திசையும் அது உண்மையில் போகிற திசையும் இரண்டு மூன்று டிகிரி விலகுகின்றன. இப்போது ஒரே ஒரு மயிரைப் பின்தொடர்வோம். டயர் உருள, அது முன் விளிம்பில் தரையைத் தொடுகிறது. தொட்ட கணத்தில் நேராக நிற்கிறது, எந்த இழுப்பும் இல்லை. அதன் நுனி தரையில் ஒட்டிக்கொண்டுவிட்டது, வேரோ டயரோடு சேர்ந்து பக்கவாட்டில் நகர்கிறது, ஆகவே பின்னால் போகப்போக மயிர் மேலும் மேலும் வளைகிறது. பின் விளிம்பில் வளைவு உச்சம், அப்புறம் தரையை விட்டு எழும்பி விடுக்கென்று நிமிர்கிறது. அப்படியானால் பக்கவாட்டு விசை முன்னால் பூஜ்யம், பின்னால் அதிகம். வரைந்து பார்த்தால் ஒரு முக்கோணம். முக்கோணத்தின் எடைமையம் எங்கே இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, முன்னாலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில். தரையைத் தொடும் நீளம் 15 சென்டிமீட்டர் என்றால், விசை சக்கரத்தின் நடுவுக்கு இரண்டரை சென்டிமீட்டர் பின்னால் தள்ளி வேலை செய்கிறது. அந்த இரண்டரை சென்டிமீட்டர்தான் நெம்புகோல். அதுதான் சக்கரத்தை நேராக்கப் பார்க்கிறது, அதைத்தான் உங்கள் கை பாரமாக உணர்கிறது.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. இன்னும் வேகமாக, இன்னும் கூர்மையாகத் திரும்புங்கள். மயிர்கள் எல்லாம் மேலும் வளைகின்றன, ஆனால் பின் விளிம்பில் இருப்பவைதான் ஏற்கெனவே அதிகம் வளைந்தவை, அங்கே தரையோடு அழுத்தமும் குறைவு, அதனால் அவை முதலில் பிடியை விட்டு வழுக்க ஆரம்பிக்கின்றன. முக்கோணத்தின் வால் அறுந்துபோகிறது. நடுப்பகுதி இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது, மொத்தப் பிடி இன்னும் ஏறிக்கொண்டேகூட இருக்கிறது, ஆனால் விசையின் மையம் முன்னால் நகர்ந்துவிட்டது. இரண்டரை சென்டிமீட்டர் நெம்புகோல் ஒன்றரை ஆகிறது, ஒன்று ஆகிறது. கையில் என்ன தெரியும்? இத்தனை நேரம் பாரமாகிக்கொண்டே வந்த ஸ்டியரிங் லேசாகத் தொடங்கும். டயர் கைவிடுவதற்கு முன்பாகவே, பிடி மிச்சம் இருக்கும்போதே, "போதும்" என்று சொல்லிவிடுகிறது! யாரும் திட்டமிட்டு வைத்த எச்சரிக்கை மணி இல்லை இது, ரப்பர் வளைவதில் தானாக விளைந்தது.

இந்தச் சேதி கை வரைக்கும் வந்து சேர்வதுதான் கஷ்டம். ஸ்டியரிங் அச்சைச் சாய்த்து வைப்பதால் இன்னொரு நெம்புகோலும் உண்டு, கடைத் தள்ளுவண்டியின் சக்கரம் தானாகப் பின்னால் திரும்பிக்கொள்கிறதே, அதே சங்கதி. இது மாறாதது. இதை அதிகமாக வைத்தால் டயரின் மெல்லிய மாற்றம் அதற்குள் அமுங்கிப்போகும். அப்புறம் இணைப்புகளில் உராய்வு. டர்பன் கடற்கரையில் கையால் தூண்டில் போட்டவர்களுக்குத் தெரியும், மெல்லிய நரம்பில் மீன் உரசினாலே விரலுக்குச் சொல்லும், தடித்த கயிற்றில் மீன் முழுங்கினால்தான் தெரியும்.

இப்போது எடைக்கு வருவோம். 700 கிலோ காருக்குக் குறுகலான டயர் போதும், மோட்டார் உதவி இல்லாமல் கையாலேயே திருப்பலாம், நரம்பு மெல்லியதாகவே இருக்கும். சைபர்ஸ்டர் கிட்டத்தட்ட 2 டன், மூன்று எலான். அகல டயர் வேண்டும், அதைத் திருப்ப மின்மோட்டார் துணை வேண்டும். உங்கள் கை கொடுக்கிற முறுக்கை ஒரு உணரி அளக்கிறது, எவ்வளவு தள்ளுவது என்று கணினி முடிவு செய்கிறது. டயர் சொல்வதும் அந்தக் கணினியைத் தாண்டித்தான் உங்களிடம் வருகிறது. நன்றாகச் செய்ய முடியாதது அல்ல, ஆனால் அதற்குப் பொறியாளர்கள் மாதக்கணக்கில் ஓட்டி ஓட்டிச் சரிசெய்ய வேண்டும். விளம்பரத்தில் காட்ட முடியாத வேலை, காட்டக்கூடிய பெரிய திரைக்குத்தான் காசு போகிறது என்பது என் எண்ணம்.

எலானையே ஒரு முறை உயிர்ப்பித்துப் பார்த்தார்கள். 1989-இல் புது எலான் வந்தது, ஆயிரம் கிலோவைத் தாண்டியது, இசுசு எஞ்சின், முன்சக்கர இழுவை. வளைவான சாலையில் பழையதைவிட எவ்வளவோ வேகம், இதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் முன்சக்கரங்கள்தான் இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். இழுப்பும் தன் பங்குக்கு ஸ்டியரிங் அச்சை முறுக்கப் பார்க்கும், டயரின் சேதியோடு கலக்கும். லோட்டஸ்காரர்கள் தொங்கல் அமைப்பில் (சஸ்பென்ஷன்) ரொம்ப மெனக்கெட்டு அந்த முறுக்கை அடக்கினார்கள், அடக்கிய பிறகு நல்ல சேதியும் கொஞ்சம் அடங்கிப்போனது. பழைய எலான் பிரியர்களுக்கு அது ஒட்டவே இல்லை. வேடிக்கை என்னவென்றால் அதே 1989-இல் மாஸ்டா எம்எக்ஸ்-5 வந்தது, பெயர் எலான் இல்லை, ஆனால் முன்னால் எஞ்சின், பின்னால் இழுவை, குறைந்த எடை, குறுகிய டயர். பத்து லட்சத்துக்கு மேல் விற்றது அதுதான். வாரிசு யார் என்று என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

நம் டர்பனில் 1946-இல் பிறந்த கார் வடிவமைப்பாளர் கார்டன் மரே, எலானின் ஸ்டியரிங்கைப் பல முறை புகழ்ந்தவர், தன் டி.50 காரில் இந்தச் சிக்கலை எப்படி அவிழ்த்தார் பாருங்கள். எடையை ஆயிரம் கிலோவுக்குள் இறுக்கினார், ஸ்டியரிங்குக்கு உதவி மோட்டார் வைத்தார், ஆனால் அது நிறுத்துமிடத்தில் மெதுவாகத் திருப்பும்போது மட்டும் வேலை செய்யும், வேகம் எடுத்ததும் விலகிக்கொள்ளும். அது ரோட்ஸ்டர் இல்லை, நாம் யாரும் வாங்கப்போவதும் இல்லை. ஆனாலும் செய்ய முடியும் என்பது தெரிந்துவிட்டது.

ஆகவே தம்பி, சைபர்ஸ்டரை ஓட்டிப் பார்க்கக் கொடுத்தால் நேர்ச் சாலையில் மிதித்துப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். அவர்கள் சம்மதித்தால், மழை பெய்து ஓய்ந்த காலி மைதானம் ஒன்றில் பெரிய வட்டமாக மெதுவாகச் சுற்றி, விரல் நுனியால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். முன்டயர் வழுக்குவதற்கு முன்னால் ஸ்டியரிங் லேசாகிறதா, வழுக்கிய பிறகுதான் தெரிகிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.