ஓரிடத்தான்: எந்த இடம்?

வளிமண்டலத்து நைட்ரஸ் ஆக்சைடில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவர் தம் வேலையைத் தமிழில் சொல்ல முனைந்தால், முதல் வரியிலேயே ஒரு சொல் வழிமறிக்கும்: ஐசோடோப்பு. அதற்குத் தமிழ்ச் சொல் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'ஓரிடத்தான்' உண்டு, இலங்கைப் பாடநூல்களில் 'சமதானி' உண்டு. சிக்கல் அதற்கடுத்த படியில்தான்.

முதலில் பொருள். ஒரு தனிமத்தின் எல்லா அணுக்களிலும் புரோட்டான் எண்ணிக்கை ஒன்றே, நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் மாறலாம். அப்படி மாறும் வகைகளே ஐசோடோப்புகள். நைட்ரஜனில் 7 புரோட்டான். நியூட்ரானும் 7 என்றால் நைட்ரஜன்-14, 8 என்றால் நைட்ரஜன்-15. இயற்கையில் ஏறத்தாழ 270 நைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்றுதான் கனமானது. ஆக்சிஜனுக்கு 16, 17, 18 என்று மூன்று நிலையான வகைகள்.

சொல்லின் பிறப்பு 1913. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இருந்த பிரெடரிக் சாடி, வேதியியல் முறைகளால் பிரிக்கவே முடியாத, ஆனால் எடையில் வேறுபட்ட தனிம வகைகளுக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்தார். மார்கரெட் டாட் என்ற மருத்துவர் எடுத்துக்கொடுத்த சொல் இது. அவர் நாவலாசிரியரும்கூட. கிரேக்கத்தில் 'ஐசோஸ்' என்றால் சமம், 'டோப்போஸ்' என்றால் இடம். தனிம வரிசை அட்டவணையில் ஒரே கட்டத்தில் உட்காரும் அணுக்கள் என்பது பொருள்.

'சமதானி' இதன் நேர்ப்பெயர்ப்பு: சம + தானம். 'ஓரிடத்தான்' இன்னும் தெளிவு, கேட்டவுடன் பொருள் விளங்கிவிடும். '-ஆன்' ஆண்பால் ஈறாயிற்றே, அணுவுக்கு எப்படிப் பொருந்தும் என்று இலக்கணக்காரர் கேட்கலாம். கேட்கட்டும். பாடநூலில் பழகிப்போன சொல், அதை மாற்றப் போவதில்லை.

சரி, நைட்ரஸ் ஆக்சைடுக்கு வருவோம். சிரிப்பூட்டும் வாயு என்று பள்ளியில் படித்தது இதைத்தான். வளிமண்டலத்தில் நூறாண்டுக்கு மேல் தங்குவது, நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 270 மடங்கு வெப்பமூட்டுவது. தொழிற்புரட்சிக்கு முன் நூறு கோடியில் சுமார் 270 பங்காக இருந்தது, இன்று 335-ஐத் தாண்டிவிட்டது. உரம் இட்ட மண்ணும் அதில் வாழும் நுண்ணுயிர்களுமே இந்த ஏற்றத்துக்குப் பெரும் காரணம்.

இதன் மூலக்கூறு நேர்கோட்டில் அமைந்தது: ஓரத்தில் ஒரு நைட்ரஜன், நடுவில் இன்னொரு நைட்ரஜன், மறு ஓரத்தில் ஆக்சிஜன். ஆகவே கனமான நைட்ரஜன் ஒன்று வந்தால் அது உட்கார இரண்டு இருக்கைகள். எண்ணிக்கை அளவில் இரண்டும் ஒன்றே, மூலக்கூறுகள் மட்டும் வேறு. 'ஓரிடத்தான்' என்ற சொல் திணறுவது இங்கேதான். அந்தச் சொல்லில் உள்ள 'இடம்' அட்டவணையில் உள்ள இடம், ஆய்வாளர் கேட்பதோ மூலக்கூறுக்குள் எந்த இடம் என்று.

ஆய்வேடுகளில் இதற்கு இரண்டு சொற்கள் புழங்குகின்றன. ஐசோடோப்போலாக் என்பது எந்தெந்த ஓரிடத்தான் எத்தனை என்பதில் மட்டும் வேறுபடும் மூலக்கூறு. நைட்ரஸ் ஆக்சைடில் இப்படி 9 வகை. ஐசோடோப்போமர் என்பது எண்ணிக்கை ஒன்றாகவே இருந்து, உட்காரும் இடத்தில் வேறுபடுவது. இடத்தையும் கணக்கில் கொண்டால் மொத்தம் 12. முதலாவதை 'ஓரிடத்தான் வகை மூலக்கூறு' என்றும், இரண்டாவதை 'இடமாறு மூலக்கூறு' என்றும் சொல்லலாம் என்பது என் பரிந்துரை. 'மாற்றியம்' என்ற பழைய சொல்லோடு ஒட்டி 'ஓரிடத்தான் மாற்றியம்' என்றாலும் தவறில்லை, ஐசோமருக்கு, அதாவது அதே அணுக்கள் வேறு விதமாக அமைந்த மூலக்கூறுக்கு, ஏற்கெனவே அந்தச் சொல்தான் இருக்கிறது.

நடு நைட்ரஜனில் கனமானது எவ்வளவு கூடுதல், ஓர நைட்ரஜனில் எவ்வளவு என்ற வித்தியாசத்துக்கு 'இடச்சாய்வு' என்று பெயர் வைக்கிறேன். ஆங்கிலத்தில் இது 'சைட் பிரிஃபரன்ஸ்'. 'இட விருப்பம்' என்று சொல்லுக்குச் சொல் மாற்றினால் அணுவுக்கு ஆசை இருப்பது போல ஆகிவிடும். இதை ஆயிரத்தில் இத்தனை பங்கு என்று எழுதுவார்கள். நைட்ரேட்டைச் சிதைக்கும் பாக்டீரியா வெளிவிடும் வாயுவில் இடச்சாய்வு கிட்டத்தட்ட 0. அம்மோனியாவை ஆக்சிஜனேற்றும் பாக்டீரியாவில் சுமார் 33. ஆக, வாயுவைப் பார்த்தே அதை ஆக்கிய உயிர் எது என்று ஓரளவு ஊகிக்கலாம். ஓரளவுதான், ஏனென்றால் நைட்ரேட்டைச் சிதைக்கும் பூஞ்சைகளும் 33-ஐ ஒட்டிய மதிப்பையே தரும். அங்கே ஆக்சிஜன்-18 அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அளக்கும் வேலை எளிதல்ல. நிறை நிறமாலைமானிக்குத் (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) தெரிவது நிறை மட்டுமே. நைட்ரஸ் ஆக்சைடின் நிறை 44, கார்பன் டை ஆக்சைடின் நிறையும் 44. முதலில் இரண்டையும் வாயு நிறப்பகுப்பில் (கேஸ் குரோமடோகிராபி) பிரித்தாக வேண்டும். அப்புறம் இன்னொரு தொல்லை: கனமான நைட்ரஜன் நடுவில் இருந்தாலும் ஓரத்தில் இருந்தாலும் நிறை 45-தான். எனவே மூலக்கூறு உடைந்து வரும் நைட்ரிக் ஆக்சைடு அயனியைப் பிடிக்கிறார்கள். ஆக்சிஜனோடு ஒட்டியிருப்பது நடு நைட்ரஜன் என்பதால், அயனியின் நிறை 30-ஆ 31-ஆ என்பதே நடுவில் இருந்தது எது என்று காட்டும். உடையும்போது சிறு பங்கில் ஓர நைட்ரஜனும் ஆக்சிஜனோடு சேர்ந்துவிடுவதால் அதற்குத் திருத்தம் உண்டு. 1999-இல் இந்த வழி வெளிவந்தது. இப்போது லேசர் நிறமாலைமானிகள் உடைக்காமலேயே இரண்டையும் அகச்சிவப்பில் பிரித்துக் காட்டுகின்றன.

இந்தச் சொற்களை ஆய்வேட்டில் கையாளும் வகை இப்படி இருக்கலாம்: 'உரமிட்ட பின் மண்ணிலிருந்து வந்த நைட்ரஸ் ஆக்சைடின் இடச்சாய்வு குறைந்தது, நைட்ரேட்டைச் சிதைக்கும் பாக்டீரியாவின் பங்கு கூடியிருக்கலாம்.'