"ஏதோ மாதிரி இருக்கு சிஸ்டர்"

ரத்தம் ஏற்ற ஆரம்பித்துப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கட்டிலில் இருந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏதோ மாதிரி இருக்கு சிஸ்டர்" என்றார். காய்ச்சல் இல்லை, பிபி சரியாக இருந்தது, தோலில் தடிப்பும் இல்லை. ஆனாலும் ரத்தம் இறங்கும் குழாயின் கிளாம்பை மூடிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் கட்டிலே ஆடுகிற அளவுக்கு நடுக்கம் வந்துவிட்டது.

நல்லவேளை, அது வெறும் காய்ச்சல் வகை ரியாக்‌ஷன்தான் என்று பிறகு தெரிந்தது. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அது தெரியாது, யாருக்குமே தெரியாது, ஏனென்றால் பிரிவு மாறிய ரத்தம் ஏறினாலும் முதலில் வருவது இதே குளிரும் காய்ச்சலும்தான். கூடவே இடுப்பு வலியோ, ஊசி போட்ட இடத்தில் எரிச்சலோ, காரணம் சொல்லத் தெரியாத பயமோ வரலாம். அதனால் முதலில் நிறுத்துங்கள், அப்புறம் யோசியுங்கள். டாக்டர் வரட்டும் என்று சொட்டை மெதுவாக்கி வைப்பது நிறுத்தியதாகாது.

நிறுத்தியதும் குழாயில் மிச்சமிருக்கும் ரத்தத்தை சலைன் விட்டு உள்ளே தள்ளிவிடாதீர்கள். குழாய் செட்டையே கழற்றிவிட்டுப் புது செட்டில் நார்மல் சலைன் போட்டு நரம்பைக் காப்பாற்றி வையுங்கள். டாக்டரைக் கூப்பிட்டுவிட்டு, பையில் இருக்கும் பெயரையும் எண்ணையும் நோயாளியின் கைப்பட்டையோடு மறுபடி ஒப்பிடுங்கள். பையைக் குப்பையில் போடவே கூடாது. செட்டோடு ரத்த வங்கிக்குப் போக வேண்டும், கூடவே புதிதாக எடுத்த ரத்த மாதிரியும் சிறுநீரும்.

ஆஸ்திரிய மருத்துவர் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் ரத்தப் பிரிவுகளைக் கண்டு எழுதியது 1901-இல். இன்னமும் பிரிவு மாறி ரத்தம் ஏறுகிறதென்றால் பெரும்பாலும் ஆள் மாறியிருக்கும்: மாதிரி எடுத்த டியூபில் கட்டிலருகே நின்று பெயர் எழுதாதது, அல்லது "நீங்கதானே இவர்?" என்று கேட்டது. அரைத்தூக்கத்தில் இருப்பவர் எதற்கும் "ஆமாம்" என்பார். "உங்க பேர் என்ன?" என்று கேளுங்கள், அவர் வாயால் சொல்லட்டும்.

சிவப்பணுப் பையை வார்டில் காத்திருக்க வைக்காதீர்கள். குளிர்பெட்டியிலிருந்து வெளியே வந்ததிலிருந்து 4 மணி நேரத்துக்குள் ஏறி முடிய வேண்டும். பிளேட்லெட் நேர்மாறு, அதைக் குளிர்பெட்டியில் வைக்கவே கூடாது, 20 முதல் 24 டிகிரி போதும். ரத்தம் ஏறும் அதே லைனில் டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசல் போனால் அணுக்கள் உடையும், ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசலில் இருக்கும் கால்சியம் ரத்தத்தை உறைய வைக்கும்.

முதல் 15 நிமிடம் பக்கத்திலேயே நிற்பது பழகிவிடும். பை முடிந்த பிறகுதான் பலரும் அசந்துவிடுகிறோம், நானும்தான். நுரையீரலைத் தாக்கும் டிராலி (TRALI) என்ற ரியாக்‌ஷன் பை முடிந்து 6 மணி நேரம் வரைகூட வரலாம். வயதானவர், இதயம் பலவீனமானவர் என்றால் வேகமாக ஏற்றிய ஒரே பை போதும், படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து இருமத் தொடங்குவார். இருமல்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

மயக்கத்தில் இருப்பவரோ "ஏதோ மாதிரி இருக்கு" என்று சொல்ல மாட்டார். பிபி இறங்குவதும், காயத்திலிருந்து ரத்தம் நிற்காமல் கசிவதும், சிறுநீர் சிவப்பாவதும்தான் அவர் சொல்லும் வழி. ஆபரேஷன் தியேட்டரில் ரத்தம் ஏறும்போது என் கண் அடிக்கடி போவது யூரின் பைக்குத்தான்.